ஆமிப் படம்

அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டுப் பயந்துபோய்த்தான் முதன்முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மெல்பர்னின் புறநகரான வெரிபீயில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த குடியிருப்பு அது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் இன்னும் வெறும் மரச்சட்டங்களாக நின்றன. காற்றடித்தால் அவற்றில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். காலையில் ரயிலைப் பிடித்து மெல்பர்ன் நகரத்துக்குப் போகிற என் கணவர் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் மருந்தாளுநர் பதிவுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வீட்டில் தனியாக இருப்பேன். மதுரையில் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் வளர்ந்தவளுக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவே இல்லை. பட்டப்பகலில் வீடு புகுந்து கார் சாவியைக் கேட்டு மிரட்டுகிறார்கள் என்று எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதிக்கொண்டே இருப்பார்கள். கதவைப் பூட்டுவேன். பூட்டினேனா என்று போய்ப் பார்ப்பேன். படிக்க உட்கார்ந்ததும் பின்கதவு ஞாபகம் வரும்.

அப்படி ஒரு மதியம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் கத்துகிற சத்தம். ஆங்கிலத்தில், தொண்டை கிழிய, யாரையோ வசைபாடுகிறான். நடுநடுவே ஒரு பெண்ணின் ஓலம். ஏறி ஏறி வந்து சட்டென்று நின்று, மறுபடியும் ஏறுகிறது. பக்கத்து வீட்டில் ஒரு இலங்கைத் தமிழ் அம்மாவும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகளும்தான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே ஆண் யாரும் கிடையாது. போலீஸ் எண்ணை போனில் அடித்து வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

தட்டிய நொடியில் இரண்டு சத்தமும் நின்றுவிட்டன. யாரும் வரவில்லை. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கவாட்டு ஜன்னலில் திரை ஒரு விரலளவு விலகியது.

“ஆர்?”

பக்கத்து வீடு என்றேன். சத்தம் கேட்டது, எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு தாழ்ப்பாள், இன்னொரு தாழ்ப்பாள், ஒரு சங்கிலி, அப்புறம் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியை நகர்த்துகிற சத்தம். கதவு திறந்தது. அறுபதை நெருங்கிய, நெடுநெடுவென்ற பெண். மூக்குக் கண்ணாடி கழுத்துக் கயிற்றில் தொங்கியது. கண்ணெல்லாம் ஈரம்.

“ஆமிப் படம் பாக்கிறன் பிள்ளை,” என்றார். “சிரிச்சுப்போட்டன்.”

ஏதோ குற்றம் செய்தவர் போலச் சொன்னார். அவருக்குப் பின்னால் டிவியில் கருப்பு வெள்ளையில் ஒரு காட்சி உறைந்து நின்றது. தொளதொளத்த சீருடையில் வரிசையாகப் பையன்கள். எதிரே வாயைப் பிளந்தபடி மீசைக்கார சார்ஜன்ட் ஒருவர். நான் கேட்ட வசை அவருடையது. ஓலம் இந்த அம்மாவுடையது.

எனக்கு ‘ஆமி’ என்ற சொல்லே புதிது. நாங்கள் மிலிட்டரி என்போம், ராணுவம் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர் வாயில் அந்தச் சொல் வரும்போது குரல் ஒரு படி இறங்கும் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எந்தத் தாளிலும் தன் பெயர் எழுதப்படுவது அவருக்குப் பிடிக்காது. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட மகள் பெயரைத்தான் சொல்லுவார். நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பிள்ளை என்றார்.

அன்று முதல் மதிய நேரங்களில் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். தனியே இருந்து நடுங்குவதைவிடத் தன் வீட்டில் வந்து படிக்கச் சொன்னார். நான் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். அவர் சமையலறையில், அவர் சொல்லில் குசினியில், வேலை முடித்து, இரண்டு கோப்பை பால் சேர்க்காத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து, வாசலைப் பார்த்தபடி கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்து படம் போடுவார். எல்லாமே பழைய ஆங்கிலேயப் படங்கள். ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வைத்திருந்தார். எல்லாமே ராணுவச் சிரிப்புப் படங்கள்.

ஒன்றிரண்டு பார்த்தால் போதும், மற்றதெல்லாம் தெரிந்துவிடும். வேலைக்காகாத பத்துப் பேரைக் கட்டாய சேவைக்குப் பிடித்து வருவார்கள். ஒருவனுக்கு வலது கால் எது இடது கால் எது என்று தெரியாது. ஒருவன் ஊசியைக் கண்டால் மயங்கிவிடுவான். ஒருவன் கட்டிலுக்கடியில் வாத்து வளர்ப்பான். சார்ஜன்ட் கத்துவார். கர்னலுக்குக் காது கேட்காது. பீரங்கி தப்பான பக்கம் திரும்பி சமையல்கூடத்துக் கூரையைத் தூக்கிக்கொண்டு போகும், உள்ளே இருந்தவன் முகமெல்லாம் மாவாக வெளியே வருவான். கடைசியில் எல்லாரும் எப்படியோ ஒழுங்காக நடந்துவிடுவார்கள். சார்ஜன்ட் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. மாவு முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தபோது ஆன்ட்டி சிரிக்கவில்லை. என்னை வியப்பாகப் பார்த்தார். அவர் சிரிக்கிற இடங்கள் வேறு. அது எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒருவன் துப்பாக்கியைக் கையில் வாங்கும்போது அவன் விரல் நடுங்கும், அங்கே சிரிப்பார். காவலுக்கு நிற்கிறவன் புதரில் சரசரப்புக் கேட்டு அம்மா என்று கத்துவான், அங்கே உடல் குலுங்கச் சிரிப்பார். ரிமோட்டை எடுத்து அந்த இடத்தையே திரும்பப் போடுவார். மறுபடியும் அந்த ஓலம். ராணுவத்தான் பயப்படுகிற இடம் வந்தால்தான் அவருக்குச் சிரிப்பு வரும். வேறெதற்கும் வராது. இதை ஒரு மதியம் கண்டுபிடித்தேன். அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு என்னால் சாதாரணமாகக் கேட்க முடிந்ததில்லை.

வீட்டுக்குள்ளே அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது. செருப்பைப் பின்கதவருகே வெளியே பார்த்தபடிதான் விட வேண்டும். கதவு தட்டினால் முதலில் டிவியை நிறுத்த வேண்டும், பிறகு பேச்சை. கூரியர்காரன் தட்டினாலும் அதே கதைதான், அவன் பார்சலைப் போட்டுவிட்டு வேன் தெருமுனை தாண்டிய பிறகுதான் மூச்சு விடுவோம். நானும் அதற்குப் பழகிவிட்டேன். என் வீட்டிலும் செருப்பைத் திருப்பி வைக்க ஆரம்பித்தேன். கணவர் ஏன் என்று கேட்டார். பழக்கம் என்றேன்.

படத்தில் சார்ஜன்ட் கத்தும்போது நான் காதைப் பொத்தினால் ஆன்ட்டி ஒன்று சொல்லுவார்: “சத்தம் போடுறவனுக்குப் பயப்பிடாதையும் பிள்ளை. சத்தம் போடாதவனைத்தான் பாத்துக்கொள்ள வேணும்.”

ஒருநாள் அவரை என் காரில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவர் கார் ஓட்டுவதில்லை. திரும்பி வரும்போது நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வீட்டுப் பக்கம் திரும்புகிற இடத்தில் போலீஸ் நின்றது. குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று எல்லா வண்டியையும் நிறுத்துகிற வழக்கமான சோதனைதான். முன்னால் வரிசையாக வண்டிகள். நான் பேச்சை நிறுத்தாமல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து பதில் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். ஆன்ட்டி கைப்பையைத் திறந்து தன் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை எடுத்து, படம் இருக்கிற பக்கத்தைத் திறந்து, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். கோயிலுக்குப் போகக்கூட அவர் அதைக் கொண்டுவருவார் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

இளம் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து, கருவியை என் வாயருகே நீட்டி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார். நான் எண்ணத் தொடங்கினேன். எனக்கு முன்னாலேயே ஆன்ட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார். ஆங்கிலத்தில், உரக்க, ஒவ்வொரு எண்ணையும் வெட்டி வெட்டி, பாஸ்போர்ட்டை நீட்டியபடி. பத்தில் நிறுத்தவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தார். போலீஸ்காரர் சிரித்துவிட்டு, உங்களுக்கு அல்ல அம்மா என்று சொல்லிக் கை காட்டி அனுப்பினார். நான் வண்டியை எடுத்த பிறகும் எண்ணிக்கை ஓயவில்லை. எங்கள் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் நின்றது.

அன்று அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் இறங்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடி தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. இருவரும் சைக்கிளில் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருக்கிறார்கள். இவருக்கு அப்போது பதினாறு வயது. வீதியில் மறித்த ஆமிக்காரன் ஒரே ஒருவன்தான். தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். கத்தவில்லை, அடிக்கவில்லை. சுளையைக் கையில் வைத்துக்கொண்டே சைக்கிளை ஓரமாகச் சாத்து என்று காட்டினான். அண்ணன் சாத்தினார். இவரைப் போகச் சொன்னான். அண்ணனைப் போகச் சொல்லவில்லை. அவ்வளவுதான். சைக்கிளை மறுநாள் போய் எடுத்து வந்தார்களாம்.

“அவன் பயப்பிடேல்லை பிள்ளை,” என்றார். “ஒரு ஆளைக் கொண்டு போறதுக்கு முதல் ஒரு துளிப் பயம் வரவேணுமெல்லோ? கை நடுங்க வேணுமெல்லோ? பழத்தை உரிச்சுக்கொண்டு நிண்டவன்.”

அதன் பிறகு அந்தப் படப்பெட்டியின் கதையையும் சொன்னார். முதியோர் பராமரிப்பு வேலையில் இருந்தபோது தினமும் ஒரு ஆங்கிலேயக் கிழவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கப் போவாராம். கிழவர் இளமையில் இங்கிலாந்தில் கட்டாய ராணுவ சேவை செய்தவர். காலையிலிருந்து இந்தப் படங்களையே போட்டுக்கொண்டிருப்பார். முதல் வாரம் ஆன்ட்டி டிவிக்கு முதுகைக் காட்டியே வேலை செய்திருக்கிறார். சீருடையைப் பார்க்க முடியவில்லையாம். ஒருநாள் கிழவர், இதெல்லாம் உண்மை, நாங்கள் இப்படித்தான் இருந்தோம், முதல் மாதம் முழுக்கப் போர்வைக்குள் அம்மாவை நினைத்து அழுதேன் என்றாராம். அன்றைக்குத்தான் திரும்பிப் படத்தைப் பார்த்தார். கிழவர் இறந்த பிறகு அவருடைய மகன் அந்தப் பெட்டியை ஆன்ட்டியிடமே கொடுத்துவிட்டான்.

உலகத்தில் பயப்படுகிற ராணுவமும் உண்டு என்று அவர் ஐம்பது வயதுக்கு மேல் கண்டுபிடித்தார். அதைத் தினமும் பார்த்துத் தனக்கு உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மகள் மயூரி பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா முகம் நினைவில்லாத பிள்ளை, அவள் குழந்தையாக இருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். மெல்பர்னிலேயே பிறந்தவள். தாதிப் படிப்பை முடித்திருந்தாள். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், கோபமோ பதற்றமோ வந்தால் மட்டும் தமிழ் வரும். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள், ஆர்மியில் மருத்துவ உதவியாளராகச் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். அம்மாவிடம் சொல்லும்போது நான் கூட இருக்க வேண்டும் என்றாள்.

அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

“தெரியும் அக்கா. ஆனா அது வேற. இது எங்கட நாடு. வெள்ளம் வந்தா, நெருப்பு வந்தா இந்த ஆர்மிதான் வந்து சனத்தைத் தூக்கிக்கொண்டு போறது,” என்றாள். அவள் சொன்னது ஆர்மி. அவள் அம்மாவுக்குக் கேட்கப்போவது ஆமி. இரண்டுக்கும் நடுவே ஒரு எழுத்துத்தான்.

அன்று மாலையே சொன்னாள். நான் சாப்பாட்டு மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆன்ட்டி கத்துவார், விழுவார், எதையாவது போட்டு உடைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதுவும் செய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அங்கே சோறு கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டார். மயூரி கொடுப்பார்கள் என்றாள். ஆன்ட்டி எழுந்து குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் வீணாக ஓடியது. நானோ மயூரியோ போய் அதை மூடவில்லை.

பயிற்சிக்காக அவள் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் ஒரு முகாமுக்குப் போனாள். அவள் போன பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சார்ஜன்ட்டும் இல்லை, ஓலமும் இல்லை. ஒரு காலத்தில் அந்தச் சத்தத்துக்குப் பயந்தவள், இப்போது சத்தம் இல்லாததற்குப் பயந்தேன். மதியத்தில் போய்த் தட்டினால் ஜன்னல் திரை விலகும், என்னைப் பார்க்கும், மூடிக்கொள்ளும். கதவு திறக்காது. சமைத்து வாசலில் வைத்துவிட்டு வருவேன். மறுநாள் பாத்திரம் கழுவித் துடைத்து அதே இடத்தில் இருக்கும். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒருமுறை திரை விலகிய இடுக்கில் உள்ளே பார்த்தேன். வாசல் கதவை ஒட்டி ஒரு பயணப்பையும் இரண்டு தண்ணீர்க் கேனும் தயாராக இருந்தன. எங்கே ஓடுவதற்கு?

பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடக்கும், குடும்பத்தார் வரலாம் என்று மயூரி போன் செய்தாள். அம்மா போனை எடுப்பதில்லை, நீங்கள் எப்படியாவது கூட்டி வாருங்கள் அக்கா என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று திரையைப் பார்த்து அதைச் சொன்னேன். அவள் நிற்பதைப் பார்க்க சொந்தம் என்று யாருமே இல்லாமல் போய்விடும் ஆன்ட்டி என்றேன். நான் கிளம்பும் நாளையும் நேரத்தையும் சொன்னேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். கிளம்ப வேண்டிய நாள் காலையில் காரை எடுக்க வெளியே வந்தால், சேலை கட்டி, கைப்பையை இடுக்கிக்கொண்டு, என் வீட்டுப் பாதையில் நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

முகாம் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். சீருடைப் பெண் ஒருத்தி குனிந்து பெயர்களைக் கேட்டாள். ஆன்ட்டியின் பாஸ்போர்ட் ஏற்கனவே வெளியே வந்திருந்தது. அவர் மடியிலிருந்த கைப்பையின் கொக்கி கடகடவென்று அடித்துக்கொண்டதை அந்தப் பெண்ணும் கேட்டிருப்பாள். வெயிலுக்குத் தொப்பி கொண்டுவந்தீர்களா அம்மா என்று அன்பாகக் கேட்டுவிட்டு வழி விட்டாள். திரும்பிவிடலாமா ஆன்ட்டி என்று நான் கேட்டேன். எனக்கே திரும்பிவிட்டால் போதும் என்றிருந்தது. அவர் நேரே உள்ளே செல்லும் வழியையே பார்த்தார். நான் உள்ளே ஓட்டினேன்.

மைதானத்தைச் சுற்றி நாற்காலிகள். பூக்கொத்தும் பலூனுமாகக் குடும்பங்கள். பாண்டு வாத்தியம் முழங்க, ஓரம் மடித்த தொப்பியும் கத்தி செருகிய துப்பாக்கியுமாக வரிசை வரிசையாக வந்து நின்றார்கள். எதிரே ஒரு சார்ஜன்ட் கத்தினார். படத்தில் கேட்ட அதே தொண்டை. நாற்காலியில் ஆன்ட்டியின் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின. இரண்டாம் வரிசையில் மயூரி நிற்பதை நான் முதலில் கண்டுபிடித்துக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. துப்பாக்கிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. யாரோ ஒரு அதிகாரி வெகுநேரம் பேசினார். முன்வரிசையில் ஒரு பையன் லேசாக ஆடுவது போலிருந்தது. அடுத்த கணம் மரம் சாய்வது மாதிரி முகம் குப்புற விழுந்தான். அவனோடு துப்பாக்கி தார்த்தரையில் மோதிய சத்தம் மைதானம் முழுக்கப் படாரென்று வெடித்தது.

நான் தரையில் கிடந்தேன். எப்படி விழுந்தேன் என்று தெரியவில்லை. ஆன்ட்டி என் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, என் தலையைத் தன் நெஞ்சுக்கு அடியில் அமுக்கி, மேலே தன் கையால் மூடியிருந்தார். அவருடைய இதயம் என் காதுக்குள் அடித்தது. அசையாதை, அசையாதை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நேரத்தில் அது வெடிச்சத்தம்தான். அவர் பயம் முழுவதும் எனக்குள் இறங்கிவிட்டது. இன்னொன்று வெடிக்கும் என்று காத்துக் கிடந்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நல்ல சேலை கட்டிய இரண்டு பெண்கள் நாற்காலிக்கு அடியில் கிடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும். விழுந்த பையனை இருவர் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அதிகாரி பேச்சைத் தொடர்ந்தார். வெப்பத்தில் மயங்குவது இங்கே வழக்கம் என்று முன்னாலிருந்த ஒருவர் திரும்பி எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

நாற்காலிக் கால்களின் ஊடே மைதானம் தெரிந்தது. ஆன்ட்டியின் கை மெல்லத் தளர்ந்தது.

“அங்கை பாரும்,” என்றார். “அவளின்ரை துவக்கு ஆடுது.”

பார்த்தேன். அத்தனை துப்பாக்கிகளின் கத்தி முனைகளும் ஆணி அடித்தது போல நிற்க, இரண்டாம் வரிசையில் ஒன்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா விழுந்ததை மயூரி பார்த்துவிட்டாள். ஓடி வர முடியாது. தலையைத் திருப்பக்கூட முடியாது. நேரே பார்த்தபடி நின்ற அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. ஆன்ட்டி அவளையே பார்த்தார். சிரிக்கவில்லை. புழுதியைத் தட்டிவிட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடிகிற வரை கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் கலைந்த பிறகு மயூரி வந்தாள். ஒரு கை தூரத்தில் நின்று தொப்பியைக் கழற்றினாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸையும் பொத்தான்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பயந்திட்டியே?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா. சரியாப் பயந்திட்டன்.”

“நல்லது. அந்தப் பயத்தை விட்டிடாதை. ஆர் என்ன பழக்கினாலும், எவ்வளவு பெரிய ஆளா வந்தாலும், விட்டிடாதை.”

எத்தனையோ தாய்மார் அந்த மைதானத்தில் அன்றைக்குத் தைரியமாக இரு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள். மயூரி என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். ஆன்ட்டி, சூடு பார்ப்பவர் போல இரண்டு விரலால் அவள் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார். அப்புறம்தான் பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

அதன் பிறகு கதவு எனக்குத் திறந்தது. ஆனால் அதிக காலம் இல்லை. மயூரியை வடக்கே, குயின்ஸ்லாந்தில் ராணுவ முகாம் இருக்கிற ஓர் ஊருக்கு மாற்றினார்கள். ஆன்ட்டி வெரிபீ வீட்டை விற்றுவிட்டு அவளோடு போகிறேன் என்றார். தெருவுக்குத் தெரு சீருடை நடமாடுகிற ஊர் ஆன்ட்டி என்று எச்சரித்தேன். தெரியும் என்றார். எனக்கு அவர் போகிற பயம் ஒரு பக்கம், தனியாகக் கழியப் போகிற என் மதியங்களின் பயம் ஒரு பக்கம். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குள் நுழையும்வரை பாஸ்போர்ட்டை இரண்டு கையால் பிடித்தபடி போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது எப்போதாவது போனில் பேசுவார். போன மாதம் பேசியபோது பயம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வேறு யாரிடமும் அப்படி நலம் விசாரிக்க முடியாது. அது இருக்குது என்றார். கடைக்குப் போனால் பால் வாங்க, ரொட்டி வாங்க சீருடையோடு வருகிறார்களாம். காசு கட்டுகிற இடத்தில் பின்னால் வந்து நிற்பார்களாம். முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அங்கே நிற்க முடியாதாம்.

“என்ன செய்வீங்க ஆன்ட்டி?”

“நீங்கள் முன்னுக்குப் போங்கோ எண்டு வழி விட்டிடுவன். ஒருத்தனையும் பின்னுக்கு நிக்க விடுறேல்லை. அவங்களுக்கு அது விளங்காது பிள்ளை. எப்பவும் தாங்க்யூ சொல்லுறாங்கள். இந்த ஊரிலையே நான்தான் நல்ல மனிசியாம்.”